கையால் செய்த ஜப்பானியக் கடிகாரம்: கை எந்த இடத்தில் வருகிறது?

பழையமுள்:

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன், இழை தொடங்குவது இதுதான் முதல் முறை.

என்னிடம் ஒரு கிராண்ட் சீகோ 44ஜிஎஸ் இருக்கிறது, ஜப்பானின் சீகோ நிறுவனத்தின் உயர்தர வரிசைக் கடிகாரம். 1967-இல் அறிமுகமான மாடல், சாவி கொடுத்து ஓட்டுவது. பல வருடம் பணம் சேர்த்து வாங்கினேன். போன வருடம் நேரம் பின்தங்க ஆரம்பித்ததால் ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். ஓட்டத்தை நன்றாகவே சரிசெய்தார்கள். கூடவே, நான் கேட்காமலேயே கேஸுக்கு பஃப் அடித்துப் பளபளவென்று திருப்பித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. வார் கோர்க்கும் காதுகளில் கத்திமுனை போல இருந்த விளிம்புகள் எல்லாம், பாதி தேய்ந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிக் கிடந்தன.

அன்றிலிருந்து ஒரே யோசனை. அந்த விளிம்பை ஐம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கையில் பிடித்துத்தானே உருவாக்கியிருப்பார்? ஜப்பானியக் கடிகாரங்களைக் 'கையால் செய்தவை' என்கிறோமே, உண்மையில் எந்த வேலை கையால் நடக்கிறது? விலை பற்றிய பேச்சு வேண்டாம், அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன. வேலையைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மின்கலம்:

நண்பரே, உங்கள் கேஸுக்கு நடந்தது வருத்தம்தான். ஆனால் 'கையால் செய்தது' என்ற சொல்லை நான் அப்படியே ஏற்க மாட்டேன். நான் உற்பத்திப் பொறியியலில் இருப்பவன். பெரிய நிறுவனத்தின் கடிகாரத்தில் பாகங்களைத் தாங்கும் பிளேட், பிரிட்ஜ், பல்சக்கரம் எல்லாம் சிஎன்சி என்ற கணினி வழி எந்திரத்தில் வெட்டியவை. கிராண்ட் சீகோவின் இன்றைய மெக்கானிக்கல் இயக்கங்களில், அதாவது கேஸுக்குள் ஓடும் எந்திரங்களில், ஓட்டத்தை அளந்து விடும் எஸ்கேப் சக்கரமும் பேலட்டும் மெம்ஸ் முறையில் வருகின்றன. சிப் செய்வது போல ஒளியால் அச்சு எடுத்து, அதில் நிக்கலை வளர்ப்பார்கள். அந்தத் துல்லியம் எந்தக் கைக்கும் வராது. வரவும் வேண்டாம்.

எந்திரம் செய்ததை எந்திரம் செய்தது என்று சொல்வதில் என்ன குறை?

தோக்கியோவாசி:

மின்கலம் சொல்வது சரி. பாகங்களை வெட்டுவது எந்திரம்தான், அதை அவர்களும் மறைப்பதில்லை. கேள்வி, வெட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பது.

நான் பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். இவாத்தே மாகாணத்தில் மொரியோகா பக்கம் ஷிசுகுயிஷி என்று ஒரு ஊர். கிராண்ட் சீகோவின் மெக்கானிக்கல் கடிகாரங்களைக் கோர்க்கும் இடம் அங்கேதான். 2020-இல் திறந்த மரக் கட்டடம், வடிவமைத்தவர் கெங்கோ குமா. சன்னலுக்கு வெளியே இவாத்தே மலை. வேலை செய்பவர்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். நான் போனபோது மலையைவிட மேசைகளைத்தான் அதிக நேரம் பார்த்தேன். இவாயாதோ தான்சு என்று அந்தப் பகுதியின் பழைய மரப்பெட்டித் தொழில் ஒன்று உண்டு. அந்தத் தச்சர்கள்தான் மேசைகளைச் செய்து கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொருவரின் உடம்புக்கும் ஏற்ற உயரத்தில். நாள் முழுக்க குனிந்து, ஹேர் ஸ்பிரிங் என்ற மயிரிழைச் சுருளை ட்வீசரால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு நகர்த்தும் வேலை. மேசை ஒரு விரல் உயர்ந்தாலும் தோள் தளர்ந்துவிடும், தோள் தளர்ந்தால் விரல் நிற்காது.

அப்படிச் சரிசெய்த இயக்கத்தை 17 நாள், 6 நிலைகளில், 3 வெப்பநிலைகளில் சோதிக்கிறார்கள். ஒரு நாளின் சராசரி விலகல் 3 விநாடி பின்னுக்கும் 5 விநாடி முன்னுக்கும் இடையில் இருக்க வேண்டும். மெம்ஸ் பாகம் எத்தனை துல்லியமாக வந்தாலும், எல்லாம் சேர்ந்து ஓடும்போது வரும் சிறு பிசகை ஒரு ஆள் பார்த்துத்தான் திருத்துகிறார்.

சரி, பழையமுள் கேட்ட விளிம்புக்கு வருகிறேன். அந்த பாலிஷுக்குப் பெயர் சரட்சு. ஜப்பானியச் சொல் போல ஒலிக்கும், ஆனால் அது ஒரு எந்திரத்தின் பெயர். பழைய பாலிஷ் எந்திரங்களில் 'சல்லாஸ்' என்று ஐரோப்பியத் தயாரிப்பாளரின் பெயர் இருந்தது. அதை ஜப்பானிய வாய் சரட்சு ஆக்கிவிட்டது.

சாதாரண பஃப்பில், சுழலும் துணிச் சக்கரத்தின் ஓரத்தில் கேஸை வைத்துத் தேய்ப்பார்கள். துணி மென்மையானது, மூலையைச் சுற்றி வளைந்து போகும். போகும்போது விளிம்பையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். உங்களுக்கு நடந்தது அதுதான். சரட்சுவில் சுழலும் கடினமான தட்டின் முகத்தில் கேஸைக் கையால் அழுத்துவார்கள். எந்தக் கோணத்தில், எவ்வளவு அழுத்தத்தில், எத்தனை நேரம் என்பதெல்லாம் விரலுக்கு மட்டும்தான் தெரியும். கை ஒரு கணம் ஆடினால் தளம் உருண்டு மழுங்கிப் போகும். ஆடாமல் இருந்தால் இரண்டு தளங்கள் சந்திக்கும் இடத்தில் கோடு கோடாகவே நிற்கும்.

44ஜிஎஸ் வந்ததே இந்தக் கோட்டுக்காகத்தான். வடிவமைப்பாளர் டாரோ தனாகா, தோக்கியோவின் கின்சா பகுதியில் வாகோ கடையில் சுவிஸ் கடிகாரங்கள் மின்னுவதையும் பக்கத்தில் சீகோ மங்கி இருப்பதையும் பார்த்துவிட்டுத்தான் தட்டையான தளங்கள், கூர்மையான விளிம்புகள், பட்டை தீட்டிய முள்கள் என்று தனக்கு விதி வகுத்துக்கொண்டார் என்பார்கள்.

ஒரு காரியம் செய்யுங்கள். அந்த மாடலில் பக்கவாட்டுத் தளம் கீழ்நோக்கி உள்ளே சரியும். வாரைக் கழற்றிவிட்டு, அந்தக் கீழ்ச்சரிவில் டியூப்லைட்டின் பிம்பத்தை விழவைத்துப் பாருங்கள். பஃப் பட்ட இடத்தில் பிம்பம் நெளியும். படாத இடத்தில் நேராக நிற்கும். சக்கரம் அதுவரை எட்டாமல் போயிருக்கலாம்.

பழையமுள்:

நன்றி அண்ணா. கடிகாரம் இப்போது ஊரில் அம்மாவிடம் இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது கண்டிப்பாகப் பார்க்கிறேன்.

சூளைமேடு:

நான் பீங்கான் வேலை செய்பவள். கடிகாரம் பற்றி அதிகம் தெரியாது, டயல்களுக்காக இந்த உலகத்துக்குள் வந்தவள். என் கண்ணுக்குக் கை நன்றாகத் தெரிவது டயலில்தான்.

சீகோ 1913-இல் செய்த லாரல், ஜப்பானின் முதல் கைக்கடிகாரம். அதற்கு எனாமல் டயல். இன்றைக்கும் அதே வெள்ளை எனாமலில் சீகோவின் பிரசாஜ் வரிசை டயல்களைச் செய்பவர் மிட்சுரு யோகோசாவா. பூச்சின் தடிமனை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வரை கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவாராம். கேட்பவர்களுக்கு மிகையாகத் தோன்றும். சூளை வைத்திருப்பவர்களுக்குத் தோன்றாது. மெருகுக் குழம்பைத் தொடர்ந்து பார்க்கிற கண்ணுக்கு, ஈரம் காயும்போது ஏறும் வெண்மையிலேயே தடிமன் தெரிந்துவிடும். தடித்தால் விரிசல் விடும், மெலிந்தால் கீழே உள்ள உலோகம் நிழலாடும்.

சீகோவின் இன்னொரு உயர்தர வரிசையான கிரெடோரில் எய்ச்சி 2 என்ற கடிகாரத்தைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன், 2014-இல் வந்தது. நகானோ மாகாணம் ஷியோஜிரியில் மைக்ரோ ஆர்ட்டிஸ்ட் ஸ்டூடியோ என்று மிகச் சிறிய குழு ஒன்று உண்டு, அவர்கள் செய்வது. வெள்ளைப் பீங்கான் டயல், அதில் மெல்லிய நீலக் கோடுகள், எழுத்து. வேறெதுவும் இல்லை. அந்தக் கோடுகளை அச்சடிப்பதில்லை, ஒருவர் தூரிகையால் வரைகிறார். பீங்கானில் கோடு போட்டவர்களுக்குத் தெரியும், தூரிகை வைக்கும் இடத்தில் சாயம் கொஞ்சம் தேங்கும், எடுக்கும் இடத்தில் இழுபடும். பெரிதாக்கிய படத்தில் தேடித் தேடிப் பார்த்தேன், தேங்கலே இல்லை. ஆனாலும் அச்சு போலவும் இல்லை, மேற்பரப்பில் மிக மெல்லிய மேடு ஒன்று தெரிகிறது. அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுது போயிற்று.

அப்புறம் உருஷி, ஜப்பானிய மெருகுப் பூச்சு. நம் ஊர் அரக்கு பூச்சி தருவது. இது மரத்தின் பால். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரத்தின் பட்டையைக் கோடைதோறும் அல்ல, ஒரே ஒரு கோடையில் கீறிக் கீறி எடுப்பார்கள். ஒரு மரத்துக்கு 200 மில்லி அளவில்தான் கிடைக்கும். எடுத்து முடித்ததும் மரத்தை வெட்டிவிடுவார்கள், அடியிலிருந்து புதுத் துளிர் வரும். இது வெயிலில் காய்வதில்லை, ஈரக் காற்றில்தான் இறுகும். ஈரப்பெட்டிக்குள் வைத்து இறுகவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்து என்று போகும். ஜப்பானில் எடுக்கும் உருஷியில் பெரும்பங்கு ஜோபோஜி என்ற பகுதியிலிருந்து வருகிறது. அதுவும் தோக்கியோவாசி சொன்ன இவாத்தே மாகாணம்தான். 2019-இல் கிராண்ட் சீகோ அந்த உருஷியையே டயலுக்கு எடுத்துக்கொண்டது. மணிக் குறிகளை கனசாவாவின் இஷ்ஷு தமுரா மாகி-எ முறையில், உருஷியால் மேடு எழுப்பி உலோகத்தூள் தூவிச் செய்தார்.

மின்கலம், எந்திரத்தால் இன்னும் சீரான கறுப்புப் பூச்சைத் தர முடியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உருஷியின் கறுப்பு வேறு, அதற்குள் ஆழம் இருக்கும்.

பண்ருட்டிக்காரன்:

நவோயா ஹிடா என்று தோக்கியோவில் 2018-இல் தொடங்கிய சிறு நிறுவனம். ஜெர்மன் சில்வர் டயலில் எண்களைக் கையால் உளி வைத்துச் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் உருஷிக்குப் பதில் 'காஷ்யூ' என்ற மெருகை நிரப்புகிறார்கள். அது முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயிலிருந்து செய்வது!

எங்கள் ஊரில் அந்த எண்ணெய் கையில் பட்டுப் புண்ணாகாத குடும்பம் இல்லை. உருஷி பட்டாலும் அதே மாதிரி தோல் தடிக்கும் என்கிறார்கள், முந்திரியும் உருஷி மரமும் ஒரே குடும்பமாம். இத்தனை விலையுள்ள டயலில் அது எண்ணாக நிற்கிறது என்று படித்த அன்று எங்கள் அப்பாவிடம் சொன்னேன். மூன்று தடவை கேட்டார்.

நாழிகைவட்டில்:

இந்த இழையில் இன்னும் ஒரு பெயர் வரவில்லையே என்று காத்திருந்தேன். மசாஹிரோ கிகுனோ.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1551-இல் யமகுச்சியின் பிரபு ஓவுச்சி யோஷிதாகாவுக்குப் புனித சவேரியார் ஒரு கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார். ஆமாம், நம் முத்துக்குளித்துறையில், மணப்பாட்டில் நடமாடிய அதே சவேரியார். ஐரோப்பியக் கடிகாரம் ஜப்பானுக்குள் வந்தது அப்படித்தான். ஆனால் அங்கே ஒரு சிக்கல். ஜப்பானியர்களின் மணிக்கணக்கு சூரியனோடு போவது. விடியலிலிருந்து அந்தி வரை ஆறு பங்கு, அந்தியிலிருந்து விடியல் வரை ஆறு பங்கு. ஒரு பங்குக்குத் தோகி என்று பெயர். கோடையில் பகல் தோகி இரண்டரை மணி நேரம் வரை நீளும், குளிர்காலத்தில் இரண்டு மணிக்கும் கீழே சுருங்கும்.

புரியவில்லை என்றால் ராகு காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலண்டரில் அச்சிட்ட ஒன்றரை மணி நேரம் ஒரு வசதிக்குத்தான். முறைப்படி கணிப்பவர்கள் அன்றைய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை எட்டாகப் பிரிப்பார்கள். சென்னையில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் ராகு காலம் பத்து நிமிடம் போலத்தான் கூடும் குறையும். வடக்கே போகப் போக வித்தியாசம் பெரிதாகும்.

ஒரே வேகத்தில் ஓடும் எந்திரத்தை இந்தக் கணக்குக்கு எப்படி வளைப்பது? ஜப்பானியக் கைவினைஞர்கள் கணக்கை மாற்றவில்லை, கடிகாரத்தை மாற்றினார்கள். பகலுக்கு ஒரு ஆட்டக்கோல், இரவுக்கு ஒரு ஆட்டக்கோல் என்று இரண்டு வைத்து, விடியலிலும் அந்தியிலும் தானாக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வைத்தார்கள். பருவத்துக்கு ஏற்ப அந்தக் கோல்களில் தொங்கும் எடைகளை நகர்த்துவார்கள். இன்னொரு வகையில் டயலின் மணிக்குறிகளையே கையால் நெருக்கியும் விலக்கியும் வைப்பார்கள். இவற்றுக்கு வாதோகெய் என்று பெயர். மணி அடிக்கும் கணக்கும் வேறு. நடு இரவில் ஒன்பது, பிறகு எட்டு, ஏழு என்று நாலு வரை இறங்கி, நண்பகலில் மறுபடி ஒன்பது. பிற்பகல் எட்டு அடிக்கும் வேளையில் கொறிப்பது 'ஒயாட்சு'. யாட்சு என்றால் எட்டு. இன்றைக்கும் ஜப்பானில் குழந்தைகளுக்கு மாலைத் தின்பண்டம் ஒயாட்சுதான், எட்டு மணியடிப்பது போய் நூற்றைம்பது வருடமாகியும்.

1851-இல் தனாகா ஹிசாஷிகே 'மன்னென் தோகெய்' என்ற கடிகாரத்தை முடித்தார். பத்தாயிரம் ஆண்டுக் கடிகாரம் என்று பொருள். ஒரு முறை சாவி கொடுத்தால் ஒரு வருடம் ஓடும்படி செய்தது. அதில் மணிக்குறிகள் பருவத்தோடு தாமாகவே நகரும். யாரும் கைவைக்க வேண்டியதில்லை. இவர் தொடங்கிய தொழிலின் வழியில் வந்ததுதான் இன்றைய தோஷிபா.

1873 ஜனவரி 1 முதல் அரசு மேற்கத்திய நாட்காட்டிக்கும் சம மணிக்கும் மாறியது. வாதோகெய் செய்தவர்களின் வேலை ஒரே நாளில் போயிற்று.

இப்போது கிகுனோ. ஹொக்கைடோவில் 1983-இல் பிறந்தவர். தற்காப்புப் படையில் இருந்துவிட்டு, தோக்கியோவில் ஹிகோ மிசுனோ என்ற நகைத்தொழில் கல்லூரியில் சேர்ந்து கடிகாரம் கற்றார். மன்னென் தோகெயின் மணிக்குறிகள் நகர்வதைப் பார்த்து, அதையே மணிக்கட்டில் கட்டும் அளவுக்குச் சுருக்கி 2011-இல் செய்துகாட்டினார். சிஎன்சி கிடையாது. நகை செய்பவர் வைத்திருக்கும் இழை ரம்பம், அரம், லேத், இவ்வளவுதான். வருடத்துக்கு ஒன்றிரண்டு கடிகாரம்தான் வெளிவரும். வாங்குபவர் எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊரின் அட்சரேகைக்கு ஏற்பக் குறிகளின் நகர்வை அமைத்துத் தருகிறார். தோக்கியோவுக்குச் செய்தது சென்னையில் சரியாக இருக்காது.

'கையால் செய்தது' என்ற சொல்லை நான் இவருக்கு முழுசாகத் தருவேன். ஹாஜிமே அசாவோகாவுக்கும் தருவேன். தொழில்முறை வடிவமைப்பாளராக இருந்துவிட்டு, தானாகவே கற்று 2009-இல் டூர்பியோன் (ஓட்டத்தைச் சீராக்கும் பாகங்களே ஒரு கூண்டுக்குள் சுழலும் அமைப்பு) செய்தவர். மற்றவர்களுக்கு, எந்த வேலையில் கை வருகிறதோ அந்த வேலையின் பெயரைச் சொல்லிக் கொடுப்பதுதான் நியாயம்.

மின்கலம்:

அந்தக் கடைசி வரிக்கு என் கையெழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'சரட்சு கையால் செய்தது', 'டயல் கையால் வரைந்தது' என்றால் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

ஆனால் இன்னொன்று. இது 'பாரம்பரிய ஜப்பானியக் கலை' என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். சரட்சு ஐரோப்பிய எந்திரம் என்றார் தோக்கியோவாசி. சூளைமேடு சொன்ன ஷியோஜிரி குழு, பிரிட்ஜ்களின் ஓரச்சரிவுக்கு மெருகேற்றும்போது ஜென்ஷியன் என்ற செடியின் காய்ந்த தண்டைப் பயன்படுத்துகிறது. அது சுவிட்சர்லாந்தின் கடிகாரக் கலைஞர் ஃபிலிப் டுஃபோர் சொல்லிக்கொடுத்தது. எதை ஜப்பானியது என்பது?

தோக்கியோவாசி:

நல்ல கேள்வி. எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த பிறகு விட்டுவிடாமல் வைத்திருந்தார்களா என்று பார்க்கிறேன். நாழிகைவட்டில் சொன்ன 1873-இல் கைத்தொழிலின் தொடர்ச்சி முதல் தடவை அறுந்தது. அதுபோல இன்னும் இரண்டு தடவை.

கின்சாவில் சீகோ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு கறுத்த உலோகக் கட்டி. கிட்டப் போய்ப் பார்த்தால் பாக்கெட் கடிகாரங்கள், ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கின்றன. வளையங்கள் மட்டும் அங்கங்கே அடையாளம் தெரியும். 1923 பெருநிலநடுக்கத்தின் தீயில் தொழிற்சாலை எரிந்தபோது மிஞ்சியது. பழுது பார்க்க வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த சுமார் 1,500 கடிகாரங்களும் போயின. நிறுவனர் கின்தாரோ ஹத்தோரி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, எல்லோருக்கும் புதுக் கடிகாரம் கொடுத்தார். அந்தக் கட்டியின் முன்னால் நின்றுவிட்டு, அடுத்த அறைக்குப் போக எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

அடுத்தது அவர்களே கொண்டுவந்தது. 1969 டிசம்பர் 25-இல் பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஆஸ்ட்ரான் வெளியானது. சில வருடங்களில் சீகோவின் சொந்த உயர்தர மெக்கானிக்கல் கடிகாரங்களே நின்றுபோயின. மெக்கானிக்கல் கிராண்ட் சீகோ மறுபடி வர 1998 ஆயிற்று. இடையில் கழிந்தது இருபது வருடத்துக்கு மேல். ஹேர் ஸ்பிரிங்கை விரலால் அறிந்தவர்கள் ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தார்கள். இன்னும் பத்து வருடம் போயிருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்காது.

ஹிமேஜியில் மியோச்சின் குடும்பம் என்று ஒன்று. பல தலைமுறையாகச் சாமுராய்களுக்குக் கவசம் அடித்த கொல்லர்கள். கவசம் வாங்க ஆள் இல்லாமல் போனதும் கணப்பில் கரியை எடுக்கும் இரும்புக் குச்சி செய்தார்கள். கரியும் போயிற்று. அந்தக் குச்சிகள் ஒன்றோடொன்று மோதினால் வரும் ஓசை மிகத் தெளிவாக இருந்ததால், அவற்றைக் கட்டித் தொங்கவிட்டுக் காற்றுமணி ஆக்கினார்கள். 2011-இல் கிரெடோர் மினிட் ரிப்பீட்டர், அதாவது மணியடித்து நேரம் சொல்லும் கடிகாரம் செய்தபோது, மணியடிக்கும் கம்பிக்கு அந்த வீட்டு எஃகைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கவசம் அடித்த வீட்டின் இரும்பு இப்போது சட்டைக் கைக்குள் மணி சொல்கிறது. சுவிஸிலிருந்து தண்டு வாங்கினால் என்ன, எந்திரம் வாங்கினால் என்ன, இது வேறு எங்கே நடக்கும்?

மின்கலம்:

இல்லை, நடக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

சூளைமேடு:

அந்தக் காற்றுமணியைக் கேட்டிருக்கிறேன், கியோத்தோவில் ஒரு கடை வாசலில். ஓசை நின்ற பிறகும் காதில் இருந்தது. அதே இரும்பு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

நாழிகைவட்டில்:

தோக்கியோ போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மன்னென் தோகெயை உஎனோவில் தேசிய அறிவியல் அருங்காட்சியகத்தில் தேடுங்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில், யனகாவில் தைம்யோ கடிகார அருங்காட்சியகம் என்று சின்ன இடம், முழுக்க வாதோகெய்தான். கோடையில் மூடிவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

பழையமுள்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், நேற்றுதான் ஊரிலிருந்து திரும்பினேன்.

அண்ணா சொன்னபடி வாரைக் கழற்றிவிட்டு, கூடத்து டியூப்லைட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். மேல்தளம் முழுக்கப் பிம்பம் தண்ணீரில் விழுந்த மாதிரி நெளிகிறது. வலது பக்கம், கீழ்ச்சரிவும் போய்விட்டது. இடது பக்கம், சாவி இல்லாத பக்கத்தில், கீழே திரும்பும் தளத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வெள்ளைக் கோடு நேராக நிற்கிறது. கடிகாரத்தைச் சாய்த்தால் கோடு அப்படியே விளிம்பு வரை போய்ச் சட்டென்று மறைகிறது, மங்கி மறைவதில்லை. அம்மாவிடம் காட்டினேன், அம்மாவும் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

இனி எந்தக் கடையில் கொடுத்தாலும் ஓட்டம் மட்டும் பார்த்தால் போதும், கேஸைத் தொடாதீர்கள் என்று காகிதத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன்.